காணாமல் போன நாலு பேர்

வாயில் தின்பண்டத்தை வைத்துக்கொண்டு பேசாதே என்று சின்ன வயதில் அம்மா என் தலையில் குட்டிய குட்டு ஒன்றாவது உள்ளே இறங்கியிருந்தால், பல ஆயிரம் பேர் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு எழுத்தில் அத்தனை பேரையும் மேல் வகுப்புக்குத் தூக்கிவிட்டவன் நான். அந்த எழுத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி யாராவது என்னிடம் வந்தால், அவர்களுக்கு அலைச்சல் வேண்டாம், பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாட்டேன்.

நான் கணக்கு வாத்தியார். வகுப்பறை கிடையாது. ஒரு சின்ன அறையில் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று காமிராவைப் பார்த்துப் பாடம் எடுப்பேன். காமிரா கொட்டாவி விடாது என்பது ஒன்றுதான் அதிலுள்ள சுகம். பார்க்கிறவர்கள் எல்லாம் வேலையில் இருப்பவர்கள். நர்ஸ், கிடங்கு காவலர், டிரைவர் என்று, பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதுகிறவர்கள். சாப்பாட்டு இடைவேளையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பார்கள். பாடத்துக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும். அதில் சந்தேகத்தைத் தட்டினால் பதில் வரும்.

முன்பெல்லாம் அந்தப் பதிலை நான்தான் சொல்வேன். அதாவது, நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவேன். அதனால்தான் கம்பெனி ஒரு செயற்கை நுண்ணறிவு உதவி ஆசிரியரைக் கொண்டுவந்து வைத்தது. நான் எழுதிய பழைய பதில்களையெல்லாம் படித்து, என் பேச்சு, என் கடி ஜோக் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. மாணவர்கள் அதற்குச் 'சின்ன சார்' என்று பெயர் வைத்தார்கள். நான் தானாகவே பெரிய சார் ஆகிவிட்டேன். பெரிய சார் தூங்குவார், சின்ன சார் தூங்குவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று அவர்கள் பேசிக்கொண்டதாகக் கேள்வி.

சின்ன சாரைத் தயார் செய்தது ஓர் இன்ஜினியர் பெண். எனக்கு அவர் இன்ஜினியரம்மா. ஒரு நாள் கேன்டீனில் நான் டீயும் பன்னுமாக இருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒரே ஒரு விஷயம். ஒவ்வொரு பாடமும் முடிஞ்சதும் அது 'புரிஞ்சுதா'ன்னு கேக்கும். புரிஞ்சுதுன்னா அடுத்த பாடத்தைத் திறக்கும். புரிஞ்சுதுங்கிறதை நம்ம ஆளுங்க எப்படியெல்லாம் சொல்வாங்க?"

"புரிஞ்சுது, சரி, ஓகே" என்று சொல்லிவிட்டுப் பன்னைக் கடித்தேன்.

"வேற?"

"ம்..." யோசிக்கிறேன் என்று அர்த்தம்.

"'ம்'மையும் சேத்துக்கவா சார்?"

"ம்?" என்ன கேட்டீர்கள் என்று அர்த்தம். பன் காய்ந்த பன், தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

"சேத்துட்டேன் சார். தேங்க்ஸ்" என்று எழுந்து போய்விட்டார். நான் டீயைக் குடித்துப் பன்னை உள்ளே தள்ளினேன். சாதனை அங்கேயே முடிந்தது.

நம் பேச்சில் 'ம்' என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ம் என்றால் ஆமாம். ம் என்றால் கேட்கிறேன், மேலே சொல். ம் என்றால் போதும், போனை வை. கொஞ்சம் இழுத்தால் கோபம், மூக்கால் சொன்னால் கிண்டல். என் மனைவியிடம் மட்டும் ஏழெட்டு ரகம் இருக்கிறது. அதில் ஒன்றுகூடச் சம்மதம் இல்லை என்று கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். சின்ன சாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு 'ம்' என்றால் புரிந்தது, அவ்வளவுதான்.

இந்த விஷயம் எனக்கு என் மச்சான் மூலமாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர். பல வருஷம் கிளச்சை மிதித்து மிதித்து முதுகு போய்விட்டது. எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு சின்னத் தலையணை கூடவே வரும். உட்காரும் முன்னால் அதை நாற்காலியில் வைத்துத் தட்டிச் சரிசெய்வார். டிரைவர் சீட்டை விட்டு இறங்கினால்தான் முதுகு பிழைக்கும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இறங்கி எங்கே போவது? டிப்போவில் மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் பரீட்சை உண்டு, பரீட்சையில் கணக்கு உண்டு. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கணக்கில் போய்விட்டது. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இந்தத் தடவையும் போனால் மறுபடி அதே சீட், அதே கிளச்.

வீட்டிலேயே ஒரு கணக்கு வாத்தியார் சும்மாதானே இருக்கிறான், அவனிடம் கேட்கலாமே என்று தோன்றும். மச்சானுக்குத் தோன்றாது. "வகுப்பே இல்லாத வாத்தியாரு, பஸ்ஸே இல்லாத டிரைவர் மாதிரி மாப்ள" என்று கல்யாணப் பேச்சின்போதே என்னைப் பார்த்துச் சொன்னவர். அந்த மாப்பிள்ளையிடம் போய்ப் பென்சிலும் கையுமாக உட்காருவாரா? பேசாமல் எங்கள் கம்பெனியிலேயே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார், சின்ன சாரிடம் படிக்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து தலையணையில் சாய்ந்தபடி, "கடைசிப் பாடத்துக்கு வந்துட்டேன் மாப்ள. டிப்போ பூரா சொல்லியாச்சு" என்றார்.

எனக்கு நிஜமாகவே சந்தோஷம். சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்ப ஒரு கேள்வி மச்சான். உங்க பஸ்ல நூறு பேர் இருக்காங்க. அடுத்த ஸ்டாப்புல இருபது சதவீதம் ஏறுறாங்க. அதுக்கடுத்த ஸ்டாப்புல, இருக்கிறதுல இருபது சதவீதம் இறங்கிடுறாங்க. இப்ப பஸ்ல எத்தனை பேர்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ஏறினது இருபது, இறங்கினது இருபது. நூறு."

"தொண்ணூத்தாறு மச்சான்."

"அப்ப மீதி நாலு பேரு ஜன்னல் வழியா குதிச்சிட்டாங்களா?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. மச்சான் முகம் சுருங்கியது. நான் அவசரமாக, "ஏறும்போது நூறுல இருபது சதவீதம். இறங்கும்போது நூத்தியிருபதுல இருபது சதவீதம். எதுலங்கிறதுதான் விஷயம். புரிஞ்சுதா?" என்றேன்.

"ம்" என்றார் மச்சான்.

அந்த 'ம்' எனக்குத் தெரியும். 'விஷயத்தை விடு, மானம் போகுது' ரகம்.

"உங்க சின்ன சாரே ஒத்துக்கிட்டாரு, நீங்க என்ன புதுசா பரீட்சை வைக்கிறீங்க?" என்று போனை என் முன்னால் நீட்டினார். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டிருந்தார். 'பின்னம்னா ஏன் கீழ ஒண்ணு மேல ஒண்ணு?' என்றுகூட. சின்ன சாரும் என்னைவிடப் பொறுமையாகவே சொல்லியிருந்தது. நாலாம் பாடம், சதவீதம். அங்கேதான் முதல் 'ம்'. அதற்குப் பதில்: 'அருமை! வாங்க, அடுத்த பாடத்துக்குப் போகலாம். பயப்படாதீங்க, அது கடிக்காது.' என் ஜோக். அதன் பிறகு கேள்வியே இல்லை. ம். அருமை. ம். அருமை. ம். அருமை. எதிரில் வருகிற வண்டியெல்லாம் ஒதுங்கி வழிவிட, பிரேக்கே பிடிக்காமல் கடைசி ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்திருந்தார் மனிதர்.

காய்ந்த பன் மறுபடி தொண்டைக்கு வந்தது.

மறுநாள் இன்ஜினியரம்மாவிடம் ஓடினேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பினார். "நாலாம் பாடத்துக்கு மேல போனவங்கள்ல பாதிக்கு மேல 'ம்' சொல்லித்தான் போயிருக்காங்க சார். ஆனா நீங்கதானே..."

"நான்தான். வாயில பன் இருந்துச்சு."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"வாயில பன் இருந்துச்சேம்மா."

இருவருமாக எங்கள் மேலாளரிடம் போனோம். அவருக்கு ஆபீசில் 'பாக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சம்பள உயர்வு? பாக்கலாம். லீவு? பாக்கலாம். ஏசி வேலை செய்யவில்லை? பாக்கலாம். அவர் தன் கல்யாணத்தன்று மேடையில் என்ன சொன்னார் என்று எங்களுக்குள் ஒரு பந்தயமே உண்டு.

இன்ஜினியரம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். பாக்கலாம் சார் அன்று பளபளவென்று இருந்தார். அடுத்த நாள் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தங்கள் ஊழியர்கள் எல்லாருக்கும் எங்கள் பாடத்தை வாங்கலாமா என்று பார்க்க.

"தொண்ணூத்தேழு!" என்றார் என்னைப் பார்த்ததும். "நம்ம புரிதல் தொண்ணூத்தேழு சதவீதம். இப்படி ஒரு நம்பரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"எதுல தொண்ணூத்தேழு சார்?"

"என்னது, எதுல?"

"சதவீதம்னா எதுலன்னு கேக்கணும் சார். நாலாம் பாடத்துல அதைத்தான் தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன். நம்ம சின்ன சார் எண்ணினது புரிஞ்சவங்களை இல்ல. முனகினவங்களை."

விஷயத்தைச் சொன்னேன். பன்னையும் மறைக்காமல் சொன்னேன். பாக்கலாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். அவங்க முடிவெடுத்ததும் சரிபண்ணிக்கலாம்."

"அவங்க முடிவெடுக்கறதுக்குள்ள பரீட்சையே வந்துடும் சார். அடுத்த மாசம். கடைசித் தடவை எழுதறவங்க இருக்காங்க. புரிஞ்சுடுச்சுன்னு நாமளே சொல்லி அனுப்பிட்டோம், அவங்க நம்பிப் போறாங்க."

"நாம என்ன, வேணும்னா செஞ்சோம்?"

"இதுவரைக்கும் வேணும்னு செய்யல சார். இன்னையிலேருந்து வேணும்னுதான் செய்யறோம்."

அவர் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒரே வார்த்தை சார். அந்த 'ம்'மை எடுக்கவா, வேண்டாமா?"

"பாக்கலாம்" என்றார்.

வெளியே வந்தேன். "என்ன சார் சொன்னாரு?" என்றார் இன்ஜினியரம்மா.

"பாக்கலாம்னாரு."

"அப்படின்னா?"

"'ம்'முன்னா புரிஞ்சுதுன்னு எடுத்துக்கலாம்னா, 'பாக்கலாம்'னா சரின்னு எடுத்துக்கக் கூடாதா? நம்ம விதி நமக்கும் பொருந்தட்டுமே."

அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு உதட்டோரம் சிரிப்பு வந்தது. "இது என் தலையில விடியாதே சார்?"

"பன்னைத் தின்னது நான். விடிஞ்சா என் தலையிலயே விடியட்டும்."

அவர் மேசையில் உட்கார்ந்தோம். இந்த முறை என்னிடம் கேட்பதற்கு முன்னால், "வாயில ஒண்ணும் இல்லையே?" என்று உறுதிசெய்துகொண்டார். வாயைத் திறந்து காட்டினேன். 'ம்' என்று யாராவது தட்டினால் சின்ன சார் இனி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதினோம்: 'இது எந்த ம்? புரிந்திருந்தால் உங்கள் வார்த்தையில் எனக்குச் சொல்லிக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் புரியல என்று தட்டுங்கள். நான் கடிக்க மாட்டேன்.'

"சார், அதுகிட்ட 'புரியல'ன்னு எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி சொல்லிப் பாக்கும், சலிச்சுக்காது" என்றார். "அதுதான் அதுகிட்ட இருக்கிற நல்ல குணமே. அதைப் போய் நாம அடுத்த கதவைத் திறக்கிற வாட்ச்மேனா வெச்சிருக்கோம்."

"ஏற்கெனவே தாண்டிப் போனவங்க?"

"நீங்க சொல்லுங்க."

"எங்க முதல் 'ம்' சொன்னாங்களோ, அங்கேயே கொண்டுபோய் விடுங்க. எல்லாரையும்."

"திட்டுவாங்க சார்."

"வாத்தியார்னா திட்டு வாங்கணும்மா. இவ்வளவு நாளா காமிரா முன்னாடி நின்னு அதுகூடக் கிடைக்காம ஏங்கிப் போயிருக்கேன்."

பட்டனை நானே அழுத்தினேன். ஒரு விரல் போதும். ஆனாலும் இரண்டு விரலால் அழுத்தினேன், கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று.

மறுநாள் விருந்தினர்கள் வந்தபோது சுவரில் இருந்த பெரிய திரையில் தொண்ணூற்றேழு இல்லை. நாற்பத்தொன்று இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டு ஆனது. பாக்கலாம் சார் முகத்தில் ரத்தம் அதைவிட வேகமாக இறங்கியது. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பழையபடி மாத்துங்க. இப்பவே."

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்!"

"நேத்து கேட்டப்ப சொல்லியிருக்கலாம். சொல்லல. இப்ப நான் சொல்றேன், மாட்டேன். அந்தத் திரையில இருக்கிறது அசிங்கமான நம்பர்தான், ஆனா நிஜம். உங்களுக்குப் பொய்தான் வேணும்னா, நீங்களே உங்க கையால, உங்க பேர்ல மாத்திக்கங்க. என் குரல்ல, என் ஜோக்கை வெச்சு யாரையும் ஏமாத்த விடமாட்டேன். ஜோக் மட்டமானதுதான். இருந்தாலும் என்னோடது."

அவர் இன்ஜினியரம்மாவைப் பார்த்தார். இன்ஜினியரம்மா கூரையைப் பார்த்தார். "எந்த இடத்துல மாத்தினோம்னு மறந்துபோச்சு சார்" என்றார், ஒரு குழந்தை முகத்தோடு.

"என்னை வேலையை விட்டு எடுக்கப்போறீங்களா சார்? சொல்லிட்டீங்கன்னா மேசையைக் காலி பண்ணிடுவேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"பாக்கலாம்" என்றார்.

அந்த 'பாக்கலாம்' எந்த ரகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னும் பச்சைத் துணிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறேன். ஏசியும் இன்னும் வேலை செய்யவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது எனக்கு உண்மையான விசாரணை காத்திருந்தது. மச்சான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. தலையணையைக் கேடயம் போல நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"உன் சின்ன சாருக்குப் பைத்தியமா? என்னைக் கொண்டுபோய் நாலாம் பாடத்துல விட்டிருக்கான்!"

மச்சான் எப்போதும் எனக்கு 'நீங்க' போடுவார், கிண்டலாகவாவது. 'நீ' வந்துவிட்டது என்றால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தம்.

"சின்ன சார் செய்யல மச்சான். நான்தான் செஞ்சேன்."

"நீயா? கடைசி ஸ்டாப்புல நிக்கிற பஸ்ஸை நடு ரோட்டுல ரிவர்ஸ் எடுத்திருக்க? பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு!"

"கடைசி ஸ்டாப்புல நின்னது பஸ்தான் மச்சான். நீங்க நாலாவது ஸ்டாப்புலயே இறங்கிட்டீங்க."

"அண்ணா, முதல்ல உக்காரு" என்றாள் என் மனைவி. "முதுகு வலிக்கப் போகுது. சண்டையை உக்காந்துகிட்டே போடு."

"நீ சும்மா இரு! டிப்போ பூரா கடைசிப் பாடம்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்பப் போய் நாலாம் பாடம்னா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"எந்த நாலு பேரு?" என்றேன்.

"என்ன எந்த நாலு பேரு? நாலு பேருன்னா நாலு பேருதான்!"

"இல்ல மச்சான், எனக்கு நிஜமாவே தெரியணும். வாழ்க்கை பூரா இந்த நாலு பேருக்குப் பயந்தாச்சு. அம்மா பயமுறுத்தினாங்க, உங்க தங்கச்சி பயமுறுத்தறா. ஒருநாளும் அவங்களை நேர்ல பாத்ததில்லை. எனக்குத் தெரிஞ்சு காணாமப் போன நாலு பேரு உங்க பஸ்லதான் இருந்தாங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் சிரிக்கவில்லை. ஆனால் தலையணை கொஞ்சம் கீழே இறங்கியது.

"நான் சிரிக்கப் போறதில்ல மச்சான்" என்றேன். "அவளும் சிரிக்க மாட்டா. சிரிச்சா இன்னைக்குப் பாத்திரம் நான் கழுவ மாட்டேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு சின்ன சார்தான் பிடிச்சிருக்குன்னா அவருகிட்டயே கேளுங்க, அவரு எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வாரு. எனக்கு ரோஷம் இல்ல. ஆனா யாராவது ஒருத்தர்கிட்ட கேளுங்க. நான் அந்த 'ம்'மைத் திரும்பச் சேக்க மாட்டேன். மேலாளர் கேட்டும் மாட்டேன்னுட்டேன். நீங்க கேட்டாலும் மாட்டேன். உங்க முதுகை வெச்சு எனக்கு மார்க் வேண்டாம்."

மச்சான் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அதில் சின்ன சாரின் வரி அப்படியே காத்திருந்தது. இது எந்த ம்?

பிறகு தலையணையை நாற்காலியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாக உட்கார்ந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வாத்தியாரானதற்கு அப்புறம் ஒரு மாணவரின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

"நூறு பேர்ல இருபது சதவீதம் ஏறினாங்க, நூத்தியிருபது ஆச்சு" என்றேன். "அந்த நூத்தியிருபதுல இருபது சதவீதம் இறங்கினாங்க. இதுவரைக்கும் புரிஞ்சுதா மச்சான்?"

அவர் உதடு ஒட்டியது. அந்த எழுத்து அங்கே தயாராக நின்றது. அதை நான் பார்த்தேன். தங்கை, டிப்போ, தோற்ற இரண்டு பரீட்சை, எல்லாம் அந்த மூடின உதட்டுக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

உதடு பிரிந்தது.

"புரியல மாப்ள" என்றார் மச்சான். "நாலாம் பாடத்துலேருந்தே ஒண்ணும் புரியல. அந்த நாலு பேரு எங்க போனாங்க, சொல்லு."